மலைக்கு ஏர்கோன் கற்றுக்கொடுத்தவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெயில் காலத்திலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் தூங்குவோம். காலையில் வாய் கொப்பளித்தால் கடவாய்ப்பல் வரை வலிக்கும். இப்படிப்பட்ட மலையில் அறையைக் குளிராக்கும் ஏர்கோனைப் பழுதுபார்க்கும் பயிற்சியைக் கொண்டுவந்து இறக்கலாம் என்று யோசித்த மூளை எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன், மிருகக்காட்சிசாலைக்குப் போவதுபோல.

மாநில அரசு, ஒரு குளிரூட்டி நிறுவனம், எங்கள் தோட்ட நிர்வாகம் மூன்றும் சேர்ந்து நடத்திய கூட்டுத் திட்டம் அது. உயர் வருமான வேலைக்கு முதல் படி என்று மலாய் மொழியில் எழுதிய பேனரை மண்டபத்து வாசலில் கட்டினார்கள். அதில் ஓர் ஏணி. ஏணியின் உச்சியில் கோட் போட்ட ஒருவன் கையை உயர்த்தியபடி நின்றான். ஏர்கோன் கழுவுகிறவன் எதற்குக் கோட் போடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

என் அவசரம் எனக்கு. பாலிடெக்னிக்கில் வணிகம் படித்துவிட்டு, பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சிரித்துச் சலித்து, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு அந்த ஆண்டுக் கடைசியில் தோட்ட வேலை முடிகிறது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்துச் சம்பளத்தில் இருந்தால்தான் குடியிருக்கலாம். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது, கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஒப்பந்தத்தில் களைக்கொல்லி அடிக்கச் சம்மதித்தால் மட்டும் வருடா வருடம் பார்த்து வீட்டை விட்டுவைப்பார்கள். அம்மா அதற்குத் தயாராகிவிட்டாள். தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு, அறுபது வயதில், மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிச் சரிவில் ஏற.

“தொட்டி என்னாடி கனம்? உன்னையத் தூக்கிக்கிட்டே கொழுந்து கிள்ளுனவதான் நானு” என்றாள்.

அவள் அந்தத் தொட்டியைத் தொடுவதற்குள் பிரிஞ்சாங்கில் ஒரு வாடகை வீடு பிடிக்கிற அளவுக்கு எனக்குச் சம்பளம் வேண்டும். நான் கேட்ட உயர் வருமானம் அவ்வளவுதான்.

முதல் வாரம் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி தன்னம்பிக்கை கற்றுக்கொடுத்தார். கைகுலுக்குவது எப்படி, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்ப்பது எப்படி, கண்ணாடி முன்னால் நின்று நான் ஜெயிக்கப் பிறந்தவள் என்று சொல்வது எப்படி. மண்டபத்தில் கண்ணாடி இல்லாததால் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லச் சொன்னார். என் எதிரே தேயிலை ஆலையில் வேலை செய்த ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இலவச டீசட்டைக்காகவும் மத்தியான நாசி லெமாக் சோற்றுக்காகவும் சேர்ந்தவர் என்பதை அவர் மறைத்ததே இல்லை. என் முகத்தைப் பார்த்து, தான் ஜெயிக்கப் பிறந்ததாகக் கொட்டாவியோடு அறிவித்தார். மற்றவர்களும் ஏறக்குறைய அவர் மாதிரிதான். இந்தப் படையை வைத்துக்கொண்டு நாடு முன்னேறிவிடும் என்று நம்பியவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு அந்த இயந்திரம் பிடித்துப்போய்விட்டது. குளிரை யாரும் உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று புரிந்த அன்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சோற்றுப் பானையை வைத்து விளக்கினேன். பானை ஆறுகிறதா, சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டாள்.

செய்முறைப் பாடத்துக்காக மண்டபச் சுவரில் புதிய ஏர்கோன் ஒன்றை மாட்டினோம். விசிறி சுற்றியது, வெளியே இருந்த கம்ப்ரசர் மூச்சு விடவில்லை. கடற்கரை ஊரான குவாந்தானிலிருந்து வந்திருந்த பயிற்றுநர் அதைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ரிமோட்டில் இறங்குவதே பதினாறு டிகிரி வரைதான், மண்டபம் அதைவிடக் குளிராக இருக்கிறது, அதனால்தான் ஓடவில்லை என்று மலாயில் சொன்னேன். இரண்டு ஜாக்கெட் போட்டு நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், நான் அவருடைய தொழிலைக் கேவலப்படுத்திவிட்டதுபோல என்னை முறைத்தார்.

“ஏர்கோனுக்குக் குளிருது போலலா” என்றார் ஆலைக்கார அண்ணன். “ஒரு கம்பளியப் போத்தி வுடு, சரியாயிரும்.”

மாநில அரசிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்து எங்கள் திறமையைப் பார்வையிடப் போகிறார் என்று செய்தி வந்ததும், பயிற்றுநர் என் விளக்கத்தைத் தன் விளக்கமாக மாற்றிக்கொண்டார். அதற்கு ஒரு தீர்வும் கண்டுபிடித்தார். மண்டபத்தைச் சூடாக்க வேண்டுமாம். கோயில் அன்னதான அடுப்புகளையும் அண்டாக்களையும் தூக்கி வந்தோம். ஜன்னல் சந்துகளில் உரச் சாக்குகளைத் திணித்தோம். அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. மலை முழுக்க மேகம் இறங்கி வெளியே சிணுங்கல் மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டத்தோவுக்காகக் காத்திருந்தோம்.

வந்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய, துடைத்துக்கொண்டு அண்டாக்களைப் பார்த்தார். தேநீருக்கு ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார். யாரும் அவரைத் திருத்தவில்லை. நான் ரிமோட்டை அழுத்தினேன். கம்ப்ரசர் உறுமியது. டத்தோ காற்றுக்கு நேரே உள்ளங்கையை நீட்டி, குளிர்கிறது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கதவைத் திறந்திருந்தாலே அந்தக் குளிர் காசில்லாமல் வந்திருக்கும்.

முன்வரிசையில் எங்கள் மானேஜரும் தட்டினார். வெள்ளைக்காரன் போன பிறகும் மானேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்கிறோம், இவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நம் பிள்ளைகள் கொழுந்துக்கூடையை விட்டு உயரப் போகிறார்கள் என்று மேடையில் பேசினார். மருந்துத் தொட்டியைத் தூக்காவிட்டால் ஆண்டுக் கடைசியில் வீட்டுச் சாவியை ஒப்படைக்கும்படி அதே துரையின் ஆபீஸிலிருந்து அம்மாவுக்கு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வேலை எங்கே என்று அன்றுதான் சொன்னார்கள். குவாந்தான் கடற்கரை ஹோட்டல்களில். சம்பளம் நிஜமாகவே நல்ல சம்பளம், அதைக் குறை சொல்ல மாட்டேன். தங்குவதற்கு விடுதியில் ஒரு கட்டில். ஒருவருக்கு ஒரு கட்டில், குடும்பத்துக்கு இடமில்லை. டத்தோவின் உதவியாளரைப் பிடித்து, கோலா தெர்லாவில் காய்கறி முதலாளிகள் ஒவ்வொருவரும் குளிர் அறை வைத்திருக்கிறார்கள், அது கெட்டால் பார்க்க இந்த மலையில் ஆளில்லை, எங்களை அங்கே அனுப்பலாமே என்று கேட்டேன். கண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன், கற்றுக்கொடுத்த மாதிரியே. அவர்கள் சின்ன வியாபாரிகள், திட்டத்தின் எல்லைக்குள் வரமாட்டார்கள் என்றார். குவாந்தானுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் சான்றிதழ் என்றும் சொன்னார்.

அன்று இரவு அம்மா என்னைப் போகச் சொன்னாள். தனக்கு மருந்துத் தொட்டி இருக்கிறதாம். பேச்சோடு பேச்சாக முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். 

விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனேன். மூன்று கொட்டகைகளில் பெண்பிள்ளையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது கொட்டகை முதலாளி வேறு வழியில்லாமல் இருந்தார். கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் அடுக்கிய அவருடைய குளிர் அறை முந்தின நாளே சூடாகிவிட்டிருந்தது.

“ஈப்போவுலருந்து ஆளு வரணும்மா. அவன் வந்து சேர்றதுக்குள்ள என் கோபிஸு பூராவும் சாணியாயிரும்” என்றார். “நீ என்னா செய்யப்போற?”

வெளியே இருந்த இயந்திரம் லோரி போகிற பாதையைப் பார்த்தபடி இருந்தது. லோரிகள் இறைத்த சேறு அதன் தகடுகளில் அப்பம்போல அப்பிக் காய்ந்திருந்தது. சூடு வெளியே போக வழியே இல்லை. இதற்கு மேதை தேவையில்லை, கழுவத் தெரிந்தால் போதும். மத்தியானம் வரை உட்கார்ந்து பிரஷ்ஷால் கழுவினேன். சாயங்காலம் கோபிஸுக்குக் குளிர் வந்தது. முதலாளி உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு வந்து, சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.

“பரவால்ல லா. கோபிஸுக்குப் படிக்கத் தெரியாது.”

அவரும் பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் சேர்ந்து எனக்கு மாதச் சம்பளம் பேசினார்கள். என்னைத் திருப்பி அனுப்பியவர்களும் அதில் உண்டு. குவாந்தான் சம்பளத்தைவிடக் குறைவு. பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுக்கப் போதும்.

சில வாரம் கழித்து உதவியாளர் போனில் கூப்பிட்டு வாழ்த்தினார். திட்டத்தால் உயர்ந்தவர்களில் என்னையும் சேர்க்கப் போகிறார்களாம், சம்பளம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம். கோலா தெர்லா திட்டத்தின் எல்லைக்குள் வராதே என்றேன். கொஞ்சமும் கூசாமல், இப்போது எல்லையை விரித்துவிட்டோம் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வீட்டைக் காலி செய்த அன்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சாவி வாங்க வந்தார். கோபிஸ் முதலாளி அனுப்பிய லோரியில் கட்டில், அலமாரி, சாமிப் படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. கிராணி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போனை வெளியே எடுத்தார். துரை ரொம்பப் பெருமைப்படுகிறாராம். அம்மாவும் நானும் வீட்டு வாசலில் நின்றால் ஒரு படம் எடுத்து மாநிலத்துக்கு அனுப்பலாமாம்.

என் வாயில் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. அதற்குள் அம்மா லோரியின் முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

“வீட்டத்தானே கேட்டீங்க கிராணி, கொடுத்தாச்சு” என்றாள் உள்ளேயிருந்து. “மூஞ்சி எதுக்கு?”