பின்னுக்குக் கனம்

கடலில் கனம் பின்னுக்குத்தான் இருக்க வேண்டும். போட்டைத் தள்ளுகிற மிசின் பின்னுக்கு, பெட்ரோல் கேன் பின்னுக்கு, வலை பின்னுக்கு. அப்போதுதான் போட்டின் மூக்கு தூக்கும், அலை உள்ளே வராது. இருபத்தாறு வருசமாக நான் ஏற்றிய போட் ஒரு நாளும் மூக்குக் குத்தியதில்லை. அந்தப் பெருமைக்குத்தான் என் தம்பி அகப்பட்டான்.

மேற்கில் இருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் எங்கள் எத்தாளைக் கரையில் தொழில் இல்லை. சாமான் சட்டியெல்லாம் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், ஓலையில் வாடி அடித்து, மூன்று நாலு மாதம் அங்கேயே கிடப்போம். போன வருசம் போட்டை முதலே லொறியில் அனுப்பிவிட்டோம். மிச்சச் சாமானுக்கு வண்ணாத்திவில்லில் இருந்து பின்தட்டு வைத்த ஒரு கெப் வண்டியும், அதற்குப் பின்னால் கொழுவி இழுக்கிற, இரண்டே சக்கரச் சில்லு வைத்த ட்ரெயிலரும் பேசி எடுத்தேன்.

ஏற்றியது நான்தான். பாய், தலையணை, உடுப்பு, சட்டி பானை எல்லாம் கெப்புக்குள். இரண்டு மிசின், நங்கூரம், ஈயக் கயிறு, அரிசி மூட்டை எல்லாம் ட்ரெயிலரின் வால் பக்கம். நடுவில் வலை, முன்னால் மீன் போடுகிற வெறும் ரெஜிபோம் பெட்டிகள். வேலை முடிந்ததும் கெப்பில் கொழுவுகிற ட்ரெயிலரின் முன் தண்டை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். பஞ்சு மாதிரி வந்தது. எனக்கு நல்ல சந்தோசம்.

கெப்காரருக்கு முகமே சரியில்லை. வெங்காயமும் நெல்லும் இழுத்துப் பழகிய மனிதர் அவர். கனம் சில்லுக்கு முன்னால் வர வேண்டும், தண்டு கெப்பைக் கொஞ்சம் அமுக்க வேண்டும், ஒரு மிசினையாவது கெப்புக்குள் போடுவோம் என்று மூன்று தரம் சொன்னார். “நானா, இது ஆடும்” என்றார். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம். கொஞ்சம் நரைத்துவிட்டால் ஊருக்கே நானாதான். எனக்குத் தொழில் பழக்க வந்துவிட்டார் என்று சுள்ளென்று ஏறியது. ஓட்டுவது உங்கள் வேலை, ஏற்றுவது எங்கள் வேலை என்று வாயை அடைத்துவிட்டேன். மனிதர் தண்டைக் கொழுவிப் பூட்டினார், பூட்டைக் காலால் இரண்டு தரம் உதைத்துப் பார்த்தார். அந்த உதை எனக்குப் பிடிக்கவில்லை.

ரெஜிபோம் பெட்டிகள் காற்றில் பறந்துவிடும் என்று தம்பி ட்ரெயிலரில் ஏறி வலைமேல் குந்தினான். எனக்கு மச்சியான அவன் பெண்சாதிக்கு அப்போது ஏழு மாதம். கேற்றடியில் நின்று, அவரை முன் சீற்றில் ஏற்றுங்கள் மச்சான் என்று என்னிடம் கேட்டாள். இடமும் இருந்தது. பாலாவி தாண்டியதும் ஏற்றுகிறேன் என்று சமாளித்தேன். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஏறு என்றால் ஏறுவான், இறங்கு என்றால் இறங்குவான், சின்னதில் இருந்தே அப்படி. கடலில் அந்தக் குணம் உயிரைக் காக்கும்.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. காற்றாலைகள் சுற்றுகிற நேர் ரோட்டுக்கு வந்ததும், பின்னால் இருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி கெப் இடமும் வலமும் அசைந்தது. கெப்காரர் வேகத்தைக் குறைத்தார், அடங்கியது. நிறுத்தி மாற்றுவோம் என்று மெதுவாகச் சொன்னார். தெரிந்த ஆட்கள் போய்வருகிற ரோட்டில் நான் சாமானை இறக்கி ஏற்றுவதா? என் மானம் என்னாவது? ஓட்டுங்கள் என்றேன். கண்ணாடியில் தம்பி தெரிந்தான். ஒரு கை பெட்டியில், ஒரு கை கயிற்றில். சிரிப்புப் போயிருந்தது.

மறுபடி ஆடியது. இந்த முறை அடங்கவில்லை. போட் இப்படி அலைந்தால் மூக்கில் கனம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஆளைப் பின்னுக்கு அனுப்பினால் சரியாகிவிடும். என் புத்தி கடலில் இருந்தது. தலையை வெளியே போட்டுக் கத்தினேன்.

“தம்பி, பின்னுக்குப் போ!”

வேண்டாம் என்று பக்கத்தில் கெப்காரர் கத்தியது எனக்குத்தான் கேட்டது. தம்பி வலையைத் தாண்டிப் போய் மிசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிரே வந்த பஸ் ஒன்று காற்றைத் தள்ளிக்கொண்டு கடந்தது. தண்டு பூட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கெப் சட்டென்று லேசாகி முன்னுக்குப் பாய்ந்தது, கண்ணாடியில் ரோட் மட்டும் இருந்தது.

ட்ரெயிலர் ரோட்டோரக் காணுக்குள் கவிழ்ந்து கிடந்தது. மிசின் அவன் இடுப்புக்கு மேல். சாகப்போகிறவன் மாதிரி கலிமா சொல்லிக்கொண்டு கிடந்தான்.

அல்லாஹ் உயிரைத் தந்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது, இனிமேல் போட்டில் நின்று தொழில் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம் சொன்னார். ஆள் பின்னுக்குப் போனதால்தான் தண்டு தூக்கியது என்று கெப்காரர் மச்சியிடம் சொல்லியிருந்தார். யார் சொல்லிப் போனான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள்.

“உங்களப் பின்னுக்குப் போகச் சொன்னது யாரு?”

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். தம்பி கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

“நானாத்தான்.”

எங்கள் பேச்சில் அதற்கு இரண்டு அர்த்தம். நானாகவே போனேன் என்றும் எடுக்கலாம், நானாதான் சொன்னார் என்றும் எடுக்கலாம். அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். மச்சி முதலாவதை எடுத்துக்கொண்டாள். ஒரு நாளும் சொந்தப் புத்தியில் ஒன்றும் செய்யாத மனிதன், இன்றைக்குத்தானா உங்களுக்குச் சொந்தப் புத்தி வர வேண்டும் என்று அவனை ஏசி ஏசி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

“நீங்க குடிங்க மச்சான். காலையில இருந்து ஒண்டும் குடிக்கல்லியே.”

வாங்கிக் குடித்தேன்.