பாதி வீட்டுச் சுவரில் ஒரு ஹீட்டர்

மருத்துவக் காப்பீட்டு அட்டை அக்காவைப் பற்றிச் சொல்வது இது: ‘குடும்பத் தலைவரைச் சார்ந்திருப்பவர். தொழில் ஏதுமில்லை.’ குடும்பத் தலைவர் என்பது அவருடைய தம்பி. தலைவர் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்பதற்கே அக்காவைச் சார்ந்திருந்தார். தொழில் இல்லாத அக்காவோ பகலெல்லாம் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுத்தார். தெருவில் பாதி ஜன்னல்களின் மானம் அவர் கையில்தான் இருந்தது.

தகராறே அந்தக் கையால்தான். குளிர்காலத்தில் காலைப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் விரல்கள் மரத்துப்போகும். அப்புறம் ஊசியில் நூல் ஏறாது. வெந்நீரில் கழுவச் சொன்னார் டாக்டர். வீட்டில் வெந்நீருக்குக் குறைவில்லை. ஆனால் ஹீட்டர் இருந்தது முன்பக்கம், தம்பியின் குளியலறையில். சமையலறை பின்கோடியில். நடுவில் உள்ள குழாய் மொட்டைமாடி ஏறி, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும். குழாய்க்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீர் முழுக்க வெளியே வந்த பிறகே சூடு வந்து சேரும். அப்போது கழுவப் பாத்திரம் மிச்சமிருக்காது.

தம்பியிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஹீட்டரின் சூட்டைக் கூட்டிவிடுவார்.

“தூரத்துல வர்ற பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிச்சா சீக்கிரம் வந்துடுமாடா?”

“ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதாக்கா? அப்படி என்ன அவசரம்?”

பொறுமையைச் சிபாரிசு செய்பவர்கள் பெரும்பாலும் வெந்நீருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்.

ஒரு வாடிக்கைக்காரி, திரைச்சீலை தைப்பது நாள் தள்ளிக்கொண்டே போகிறதென்று துணியைத் திரும்ப வாங்கிப்போனார். மறுநாள் தம்பி அலுவலகம் கிளம்பியதும் அக்கா பிளம்பரை வரவழைத்தார்.

“ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று இழுத்தார் பிளம்பர்.

“ஐயாவா பாத்திரம் தேய்க்கிறாரு? கழட்டுங்க.”

தம்பி மனைவி ஓடி வந்தார். “அவர் வந்தா குதிப்பாரேக்கா!”

“குதிக்கட்டும். குளிருக்கு நல்லது.”

சாயங்காலத்துக்குள் ஹீட்டர் சமையலறைச் சுவரில் ஏறிவிட்டது. அங்கிருந்து பாத்திரத் தொட்டிக்கு ஒரு முழத்தில் மெல்லிய குழாய். அதற்கு, மீந்த மெத்தைத் துணியில் பஞ்சு வைத்து, அக்காவே ஒரு சட்டை தைத்துப் போட்டார். தம்பியின் குளியலறைக்கும் குறை வைக்கவில்லை. ஊர் சுற்றும் அந்தப் பழைய குழாய் அப்படியே அவருக்கு.

மறுநாள் காலை, முகமெல்லாம் சோப்பு நுரையோடு தம்பி கத்தினார்: “அக்கா! பச்சைத் தண்ணியா வருதே!”

“வரும்டா. ரெண்டு நிமிஷம் பொறு.”

நுரை காய்ந்துபோன முகத்தோடு சமையலறைக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார். “யாரைக் கேட்டு மாத்தினே? இன்னைக்கே பழைய இடத்துக்குப் போகணும்!”

“வீடு நம்ம ரெண்டு பேர் பேர்லயும்தானே அப்பா எழுதி வச்சாரு? என் பாதிச் சுவர்ல மாட்டியிருக்கேன். வேணும்னா எடுத்துட்டுப் போ. பாத்திரத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போ.”

தம்பி தொட்டியைப் பார்த்தார். நேற்றைய குழம்புச் சட்டி அடிபிடித்துக் கிடந்தது. மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் ஜன்னல் வழியே வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“சரி, சூட்டையாவது கொஞ்சம் கூட்டி வை” என்றார் தலைவர்.

ஹீட்டர் திரும்பிப் போகவில்லை. அட்டையும் திருத்தப்படவில்லை. அன்று பாத்திரம் கழுவிக் கை துடைத்ததும் அக்கா ஊசியில் நூல் கோத்தார்.