துரை விட்டுப்போன ஹீட்டர்

காருக்குள் சூடு வரவழைக்க ஒரு கருவி உண்டு என்று பாளையங்கோட்டையில் யாராவது சொல்லியிருந்தால், வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பேன். அங்கே பேருந்தில் கொஞ்சம் காற்றுக்காக ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்போம். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, என் கணவரின் காரில் அந்தக் கருவியைப் பார்த்தேன். சீமைக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்துத் துரை, அங்கே கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்த இவர் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது. மலையில் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் நடுங்க, இந்தக் கார் மட்டும் கொதிக்கும். இவரும் விசிறி பெல்ட்டை இறுக்கினார், ரேடியேட்டரைக் கழற்றிச் சேறு கழுவினார், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தார். ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்றார் மலையடிவாரத்துத் தாப்பா ஊர் மெக்கானிக். தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றார் இவர்.

அந்தக் கல்யாணத்துக்கு முதல் நாள், தாப்பா பேக்கரியிலிருந்து கேக் கொண்டுவரும் பொறுப்பை அத்தை, அதாவது என் மாமியார், எனக்குக் கொடுத்தார். "ஊர்ப்பொண்ணு, அதுக்கு என்னா தெரியும்" என்று, இந்தியாவிலிருந்து வந்த என்னை ஒதுக்கியே ஒரு வருஷத்தை ஓட்டிய வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கேக் சரிந்தால் என் மானமும் கூடவே சரியும். பின்சீட்டு முழுக்க வாடகைப் பாத்திரங்கள். வெண்ணெய்ப் பூ வைத்த கேக் என் மடியில். மலை ஏறத் தொடங்கியதும் என்ஜின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இவர் ஹீட்டரைத் திருகினார்.

"என்ஜின் சூட்ட உள்ள இழுத்துக்கும். அப்பதான் வண்டி ஏறும்."

"ஏங்க, கேக்கு உருகிருமே!"

"வண்டி நின்னுட்டா கேக்கு நடந்து வருமா? ஜன்னல இறக்கி வெளிய புடிலா."

பெட்டியைப் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக ஜன்னல் விளிம்பில் பிடித்துக்கொண்டேன். முள் இறங்கவில்லை. ரிங்லெட்டுக்கு முன்னால் ஒரு வளைவில், என்ஜினை ஓடவிட்டபடியே ஓரங்கட்டினார்; முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. கோலா தெர்லாவுக்குக் காலியாகத் திரும்பிய காய்கறி லோரி ஒன்று பின்னால் வந்து நின்றது. இறங்கி வந்த சீன டிரைவர், ஸ்வெட்டருக்குள் வியர்த்து வழியும் என்னைப் பார்த்து, "பானாஸ்லா!" என்று மலாயில் என் சூட்டுக்கு இரங்கினார். இரங்கியதோடு விட்டாரா? கையை உள்ளே விட்டு ஹீட்டரை அணைத்தார். "ஜாங்கான், ஜாங்கான்!" வேண்டாம் வேண்டாமென்று இவர் பதற, கூச்சப்படுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, பரவாயில்லை என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார். லோரி வளைவில் மறையும்வரை நாங்களும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். முள் மறுபடி சிவப்புக்குப் போயிருந்தது. இவர் ஹீட்டரைத் திரும்பப் போட்டார்.

ரிங்லெட் தாண்டியதும் மூடுபனி. பாதம் இரண்டும் பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் வெந்தன. முகமும் கையும் விறைத்துவிட்டன. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வீட்டில் அத்தை பெட்டியைத் திறந்தார். பனிப்பக்கத்துப் பூக்கள் நிமிர்ந்து நின்றன. என் பக்கத்துப் பூக்கள் தலைசாய்ந்து கிடந்தன. அத்தை கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சாய்ஞ்ச பக்கத்த செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டா யாரு பாக்கப்போறா?" என்றவர், வியர்த்து நடுங்கும் என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்குக் குளுருதா, வேர்க்குதா?"

"ரெண்டுந்தான், அத்தை."

அவருக்கும் எது என்று முடிவு செய்ய முடியவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போர்த்திவிட்டு, கேக் பெட்டியின் மூடியால் எனக்கு விசிறத் தொடங்கினார். அங்கே சுகமா, ஊர் நினைப்பு வருகிறதா என்று பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் கேட்கும்போதெல்லாம் இப்போதும் என் தோளில் அந்த ஸ்வெட்டர், முகத்தில் அந்த விசிறல்.