எரியுதுன்னா யாரும் வரல

தெருவில் அவளுக்குக் கரண்ட் அக்கா என்று பெயர். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பவள்தான். ஆனால் மிஷின் சத்தத்தைவிட, "பாத்ரூம்ல லைட் எரியுது, மாடிப்படில எரியுது, யார் அணைக்கிறது?" என்ற குரல்தான் தெருமுனை வரை கேட்கும்.

ஒருநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி, சுருக்கித் தரச் சொல்லி ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். துவைத்த துணிதான், இருந்தும் புகை வாடை. இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்ததில் வீட்டில் ஒரு அறையே போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இவளுக்குக் கை ஓடவில்லை. மேசைக்கடியில் வெட்டுத் துணி மலையாகக் கிடந்தது. அதன் மேலேயே இஸ்திரி வயர். முட்டி பிடித்துப்போன மாமியார் பின்னறையில் படுக்கிறார். அவர் வெளியே வர வேண்டுமானால் இதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வெட்டுத் துணி மூடி போட்ட டின்னுக்குப் போனது. இஸ்திரிப் பெட்டிக்குக் கல்பலகை வந்தது. மிஷின், இஸ்திரி, ஃபேன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருந்த ஒற்றை பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாட்டினாள். வேன் ஓட்டும் கணவன் சட்டைப் பையில் போட்டுச் சுற்றும் வாசல் கிரில் சாவிக்குக் கதவருகே ஆணி அடித்தாள். புகை வந்தால் கூவும் கருவியையும் கூரையில் மாட்டியாயிற்று. அழுத்திப் பார்த்தால் எல்லோருக்கும் காது கிழிந்தது, அத்தைக்கு மட்டும் கேட்கவில்லை. அந்தக் கீச்சுச் சத்தம் அவர் காதுக்கு எட்டாது. மருமகள் கத்தினால் எட்டும். ஆக, அத்தை பிழைப்பது இவள் தொண்டையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், ஒத்திகை பார்க்க முன்னறையில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "எரியுது, எரியுது."

கணவன் பேப்பரைத் திருப்பிக்கொண்டே, "அணைச்சிட்டு வா" என்றான். மகள் தன் அறை சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. பின்னறையிலிருந்து அத்தை, "எனக்கும்தாம்மா நெஞ்சு எரியுது. ஒரு டம்ளர் தண்ணி குடு" என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பல்புக்கெல்லாம் இத்தனை வருஷம் வாரி இறைத்த வார்த்தை, வேண்டிய நேரத்தில் செல்லாக் காசாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் அத்தையின் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். 'தீ' என்று கத்தச் சொன்னான் கணவன். அத்தைக்கு அது 'டீ' என்றுதான் விழும், எனக்கும் ஒரு கப் என்பார் என்றாள் இவள். மகள் 'நெருப்பு' என்றாள். வெயில் முதல் காய்கறி விலை வரை அத்தைக்கு எல்லாமே நெருப்புதான், அதுவும் தள்ளுபடி.

தண்ணீரைக் குடித்து முடித்த அத்தைதான் வழி சொன்னார். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு."

"விளையாடாதீங்க அத்தை."

"நிஜமாத்தான். உங்க மாமா போனதுலேருந்து அந்தப் பேரை யாரும் கூப்பிட்டதில்ல. நீ கூப்பிட்டா, என்னமோ விபரீதம்னு எந்திரிச்சு ஓடிவர மாட்டேனா?"

முன்னறைக்குப் போய் முயன்று பார்த்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த தடவை பெயரோடு 'அத்தை'யும் ஒட்டிக்கொண்டது. பின்னறையிலிருந்து, "இவ்வளவு மரியாதையா கூப்பிட்டா நான் கருகித்தான் போவேன்" என்று பதில் வந்தது. அது சுருக்கென்று தைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமியார் பெயரை மொட்டையாகக் கத்தினாள்.

கட்டில் கிறீச்சிட்டது. ஊன்றுகோல் தடதடவென்று முன்னறையைக் கடந்தது. அத்தை கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார். பின்னால் மகள், அதற்கும் பின்னால் ஒற்றைச் செருப்போடு கணவன்.

மருமகள் மாமியாரைப் பேர் சொல்லிக் கத்தியதைக் கேட்டு, எதிர்க்கடைக்காரர் பஞ்சாயத்துக்கு ஓடிவந்தார். எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சண்டையெல்லாம் இல்ல தம்பி" என்றார் அத்தை மூச்சு வாங்க. "என் பேர் வேலை செய்யுதான்னு பாத்தோம்."

மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முட்டி ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டு அத்தையின் கையைப் பிடித்தாள்.

"வலிக்கத்தான் செய்யுது" என்றார் அத்தை. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூப்பிடு."