வெர்சாய் ஊற்றுக்கு அடியில் கேட்ட விசில்

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வைத் திறந்தது இந்தக் கைதான். பதினான்காம் லூயி ராஜா போய்ச் சேர்ந்துவிட்டார். பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் இன்றும் வாயைப் பிளக்கிறார்கள். நான் மட்டும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

மேட்டுக் குளத்துத் தண்ணீர் எல்லா ஊற்றுக்கும் ஒரே நேரத்தில் போதாது. ராஜா உலாவ வரும்போது மேலே ஒருவன் விசிலடிப்பான். தரைக்கடியில் குழிக்குள் இருக்கும் நான் திறக்க வேண்டும். அவர் கடந்ததும் இன்னொரு விசில்; மூட வேண்டும். ராஜாவின் கண்ணில் வறண்ட ஊற்று படவே கூடாது.

என் தம்பி மாத்யூரன்தான் மேலே விசிலடிப்பவன். முன்பல் உடைந்தவன். அவன் விசிலின் முடிவில் 'ஸ்ஸ்' என்று காற்றுப் போகும். ஒருநாள் விசிலடிக்கப் பிந்திவிட்டான், வேலை போயிற்று. வேறு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தான். அந்தப் பட்டாளத்தையோ, தூரத்து ஆறு ஒன்றை இந்த ஊற்றுகளுக்குத் திருப்பக் கால்வாய் வெட்ட அனுப்பிவிட்டார்கள். சதுப்பு நிலம். காய்ச்சலில் ஆட்கள் விழுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மேஸ்திரி கோர்னுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நச்சரிக்காதடா ஒனொரே. ஒரு தப்பில்லாம இந்த வருஷத்தை ஓட்டு. உன் தம்பியத் திரும்ப எடுத்துக்கலாம்," என்றார்.

அது அக்டோபர் மாதம். ராஜா வேட்டைக்காக வெளியூர் போயிருந்தார். தோட்டம் காலி. பகலிலேயே மூடுபனி. அரண்மனை மணி மூன்றடித்தது. குழிக்குள் வால்வுக்கு மாட்டுக்கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தேன்.

விசில் கேட்டது.

பல வருடப் பழக்கம். யோசிப்பதற்குள் கை திருகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அந்த விசிலின் முடிவில்... 'ஸ்ஸ்'.

"டேய் மாத்யூரன்! வந்துட்டியாடா?" சந்தோஷத்தில் கத்தினேன்.

தலைக்கு மேலே தண்ணீர் சீறியது. சரளைக்கல்லில் காலடிகள்... அரண்மனைக்காரர்களின் குதிகால் சத்தம் இல்லை. வெறுங்கால்கள். ஒருவர் இருவர் அல்ல. வந்துகொண்டே இருந்தார்கள்.

பிறகு குடிக்கும் சத்தம். மாடுகள் தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோல...

மூடச் சொல்லும் விசில் வரவில்லை.

குழிக்குள் சேற்று நாற்றம்.

ஏணியில் ஏறி மூடியைத் தள்ளினேன்.

யாரும் இல்லை...

ஊற்று மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் பொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஓடி வந்தார். கோபத்தில் அல்ல. அவர் முகம் வெளுத்திருந்தது.

"எங்கேர்ந்துடா வருது இந்தத் தண்ணி?"

"குளத்துலேர்ந்துதானே..."

"தூர் வாரணும்னு குளத்தை முந்தாநாளே காய விட்டாச்சுடா. இப்பதான் அதுக்குள்ள நின்னுட்டு வரேன்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்றது. நான் வால்வை மூடவில்லை. காரணம் இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

குளிர்காலத்தில் தம்பியின் கூட்டாளி ஒருவன் கோலூன்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"எங்க கூடாரத்துல நான் ஒருத்தன்தான் மிச்சம் அண்ணே. செத்தவன் பூட்ஸக் கழட்டி இருக்கறவனுக்குக் குடுத்துட்டு, ராத்திரியோட ராத்திரியா பொணத்த வண்டியில ஏத்துனாங்க."

"என் தம்பி?"

"எல்லாரும் தண்ணி தண்ணின்னு கதறினாங்க. அவன் மட்டும், 'இருங்கடா, நான் விசிலடிச்சா எங்கண்ணன் தொறந்துவிடுவான்'னு சொல்லி... மூச்சு நிக்கற வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டே கெடந்தான்."

எப்போது என்று கேட்டேன்.

"ஆகஸ்ட் மாசம்."

ஆகஸ்ட் முழுக்க, விசில் கேட்கும்போதெல்லாம், நான் ராஜாவுக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.