தந்தை: உயிருடன் உள்ளார் / காலமானார்

தொலைநகல் இலக்கம் என்ன என்று விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டில் அப்போது ஐந்து வருடமாக மின்சாரமே இல்லை. தொலைநகல் என்பது தின்னுகிற பண்டமா, பூசுகிற பண்டமா என்றும் எனக்குத் தெரியாது. அகராதியைப் பார்த்தேன். அதிலும் அந்தச் சொல் இல்லை, அது அவ்வளவு பழைய அகராதி. அம்மாவிடம் கேட்டேன். இல்லாததை இல்லை என்று எழுது, வெறுமையாக மட்டும் விடாதே என்றார்.

வெறுமையாக விடாதே என்பது அம்மாவின் சொந்தப் புத்தியல்ல. வன்னியில் அந்த நாட்களில் அதுதான் எல்லோருக்கும் வேதவாக்கு. நிவாரண அட்டைக்குப் படிவம், வவுனியாப் பக்கம் போகப் பாஸ் எடுக்கப் படிவம், சைக்கிளைக் கொண்டுபோகவும் படிவம். ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் எதை மறைக்கிறீர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கவேண்டும். அந்தப் பயத்தில் ‘அலுவலகப் பாவனைக்கு மட்டும்’ என்ற இடத்திலும் தங்கள் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். க.பொ.த. உயர்தரம் படித்தவள் என்ற திமிரில் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

படிவங்களை வவுனியாவிலிருந்து சித்தி அனுப்பியிருந்தார். கொழும்பில் மூன்று சட்ட நிறுவனங்கள் பயிலுநர்களை எடுக்கின்றன, இரண்டு வருடம் பழகினால் காணி உறுதி எழுதவும் வழக்குக் கட்டுகளைத் தயாரிக்கவும் தெரிந்துவிடும், பிறகு சட்டக் கல்லூரிச் சோதனையும் எடுக்கலாம் என்று கூடவே ஒரு கடிதம். எனக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளியில் கொஞ்சம் குறைந்துபோய், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாக நின்றேன். சட்டம் படிக்கும் ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை அம்மாவை அந்த இடத்திலிருந்து வெளியே கொண்டுவருவது.

அப்பா தொண்ணூறாம் ஆண்டு நெல் லொறியோடு வவுனியாவுக்குப் போனவர். லொறியும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. கண்டோம் என்று சொல்லவும் ஆள் இல்லை, செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. சித்தி எத்தனையோ தரம் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆமி அடித்த செல் விழுந்து பக்கத்து வளவுக் கிணறு இடிந்தபோதுகூட அம்மா அசையவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அந்த மனிதர் வந்து எங்கே தேடுவார் என்பதுதான் அவருடைய ஒரே பதில். நான் வெளியே போய்க் காலூன்றினால் அம்மா பின்னால் வருவார் என்பது சித்தியின் கணக்கு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

அவ்வளவு வெள்ளையான தாளை நான் தொட்டு வெகு காலமாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் பிள்ளைகள் எழுதினார்கள். நானும் முதலில் அப்படிப்பட்ட தாளில் எல்லா விடைகளையும் எழுதிப் பார்த்து, கையைச் சோப் போட்டுக் கழுவி, பிறகுதான் படிவத்தில் பேனையை வைத்தேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர் என்று ஒரு கேள்வி. பங்கருக்குள் பதுங்கி இருப்பேன் என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டு, வாசிப்பு என்று எழுதினேன். வெளிநாட்டுப் பயணங்கள் இருப்பின் குறிப்பிடுக என்றார்கள். எனக்கு வவுனியாவே வெளிநாடாக இருந்த காலம் அது.

மூன்றாம் பக்கத்தில் பேனை நின்றுவிட்டது. தந்தையின் பெயர், தொழில். அடுத்த வரியில், உயிருடன் உள்ளார், காலமானார், பொருத்தமற்றதை வெட்டிவிடுக. காலமானாராயின் திகதி. அவ்வளவுதான். இரண்டில் எதை வெட்டினாலும் பொய். மூன்றாவது சொல் ஒன்று அங்கே இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிடந்த அந்த மூன்றாவது சொல் கொழும்பில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை என்பது எனக்கு முதலில் திகைப்பாகவும் பிறகு கோபமாகவும் இருந்தது. இரண்டு நாள் படிவத்தைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் விதானையாரிடம் போனேன். எப்படியும் போகத்தான் வேண்டும், கிராமசேவகர் என்ற முறையில் அவருடைய அத்தாட்சிக் கடிதத்தையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் நல்ல மனிதர். படிவத்தை வாங்கிப் பார்த்தார். காணாமல் போனவர் என்று ஓரத்தில் எழுதட்டுமா என்று கேட்டேன். அப்படி எழுதினால் எங்கே போனார், யாரோடு போனார் என்று கேள்வி வரும், வேலை கொடுக்கிறவனுக்கு அந்தத் தலையிடி எதற்கு, படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவான் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

“காலமானார் எண்டு போடும் பிள்ளை,” என்றார். “எல்லாரும் இப்ப அப்பிடித்தான் போடுகினம்.”

“திகதி, ஐயா?”

“ஒரு திகதியைப் போடும். வெறுமையா விடாதையும்.”

என்ன கறி வைக்கலாம் என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் அவருடைய மேசையிலேயே குனிந்து ‘உயிருடன் உள்ளார்’ என்பதை வெட்டினேன். லொறி புறப்பட்ட நாள் எனக்குத் தெரியும். புறப்பட்ட உடனேயே அப்பாவைச் சாகக் கொடுக்க மனம் வரவில்லை. நாற்பது நாள் கூட்டிப் போட்டேன். மூன்று படிவத்திலும் மூன்று தரம் எழுதினேன். மூன்றாம் தரம் முதல் தாளைப் பார்க்காமலேயே எழுதினேன். விதானையார் அந்தத் திகதியைப் பார்த்து, தன்னுடைய கடிதத்தில் அழகான தமிழில், மேற்படி விண்ணப்பதாரியின் தந்தை இன்ன திகதியில் காலமானார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதி முத்திரை குத்தினார். எனக்கு அப்பாவின் முடிவே தெரியாது, அவர் அதை உறுதிப்படுத்துகிறார்.

கடிதங்களை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். படிவம் ஆங்கிலம், அம்மாவுக்கு விளங்காது. கடிதம் தமிழ் என்பதை நான் யோசிக்கவில்லை. படித்தவளின் மூளை அவ்வளவுதான்.

மத்தியானம் வந்தபோது அம்மா தலை முழுகிய ஈரத்தோடு கதிரையில் இருந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. மடியில் விதானையாரின் கடிதம், அதன்மேல் தாலிக்கொடி. 

“உனக்குத் தெரிஞ்சிருக்கு. என்னட்டை ஏன் மறைச்சனி?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. முத்திரை குத்திய கடிதம். அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து விதானையாருக்கு மரண அறிவித்தல் வந்துவிட்டது, அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார், அம்மா தாங்கமாட்டார் என்று நான் ஒளித்திருக்கிறேன். அம்மா அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். அம்மாவைக் குறைசொல்ல முடியாது. முத்திரை இல்லாமல் ஒரு சுண்டு அரிசிகூடக் கிடைக்காத இடத்தில் முத்திரையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொன்னார்: “அஞ்சு வருசமா அந்த மனிசனுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் விட்டிட்டம், பிள்ளை.”

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அடுத்த மூச்சில் அவர், இனி எனக்கு இங்கே என்ன கிடக்கிறது, நீ போகும்போது நானும் வருகிறேன் என்றார். ஐந்து வருடமாகச் சித்தி மன்றாடியும், செல் விழுந்தும் வராத வார்த்தை அது. நான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் மூடினேன்.

கோயில் ஐயர் பழைய பஞ்சாங்கங்களைக் கட்டி வைத்திருந்தார். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, விரலால் வரியை இழுத்துக்கொண்டுபோய், என்னுடைய திகதிக்குத் தேய்பிறைத் தசமி என்று கண்டுபிடித்தார். நல்ல திதி என்றும் சொன்னார். நான் சும்மா போட்ட எண்ணுக்குத் திதி இருந்தது, நட்சத்திரம் இருந்தது.  அடுத்து வந்த தசமியில் விட்டுப்போன எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அம்மா பிண்டம் வைத்தார். அப்பாவுக்குப் பிடித்த பலாக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு எல்லாம் சமைத்துப் படைத்தார். காகத்துக்கு வைத்த சோற்றை வைத்த கையோடு காகம் வந்து எடுத்தது. எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறார் பார் என்று சொல்லி அம்மா அழுதார். நானும் அழுதேன். என்னுடைய அழுகை வேறு.

படிவங்களை அனுப்பிய மூன்றில் ஒரு நிறுவனத்திலிருந்து மட்டும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதைக் காட்டிப் பாஸ் எடுத்தோம். அம்மா மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டார், கதவைப் பூட்டினார், திறப்பைக்கூட அவர்களிடமே கொடுத்துவிட்டார். சோதனைச் சாவடி இருந்த தாண்டிக்குளத்தில் வெயிலுக்குள் மூட்டையோடு நடந்தபோது அவர் எனக்கு முன்னால் விறுவிறு என்று போனார். இது என் அம்மாதானா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அவரைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, சித்தியும் நானும் கொழும்புக்குப் போனோம்.

நேர்முகத்தில் இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண் சட்டத்தரணி. ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர் என்று கேட்டார், ஏதோ சொன்னேன். என்னுடைய ஆங்கிலக் கையெழுத்தைப் பாராட்டினார். பிறகு மூன்றாம் பக்கத்தைத் திருப்பியவர் நெற்றியைச் சுருக்கினார்.

“இதை ஏன் நிரப்பினனீங்கள்? இது ஆளை எடுத்த பிறகு காப்புறுதிக்காக நாங்கள் நிரப்புற பக்கம். அதுவும் நிரந்தர ஊழியருக்குத்தான்.”

பென்சிலால் மேலே இருந்த சின்ன எழுத்து வரியைக் காட்டினார். அந்த வரியை நான் வாசித்திருந்தேன். சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து, அலுவலகப் பாவனைக்கு என்று விளங்கியும் இருந்தேன். விளங்கியும் நம்பவில்லை. யாரோ ஒருவர் வெறுமையாகக் கிடக்கிறதே என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். வேறெதையும் நினைக்க எங்களுக்குப் பழக்கமில்லை.

பரவாயில்லை என்று சொல்லி அவர் அந்தத் தாளைக் கழற்றினார். மேசைக்குக் கீழே இருந்த கூடைக்குள் போட்டார். பிறகு, எப்போது வேலைக்கு வரமுடியும் என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. கூடைக்குள் கிடந்த தாள் மட்டும்தான் ஞாபகம்.

வவுனியாவுக்கு வரும் ரயிலில் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார், தயவுசெய்து வாயைத் திறக்காதே என்றார். சரி என்றுதான் நானும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்ததைக் கேட்டு, அப்பா இருந்தால் எவ்வளவு சந்தோசப்படுவார் என்றார். அடுத்த வருடத் திவசத்துக்கு வவுனியாவில் நல்ல ஐயர் இருக்கிறாரா என்று சித்தியிடம் கேட்டார். தசமியை மறந்துவிடாதே, கொழும்பில் நீயும் அன்றைக்கு விரதம் இருக்கவேண்டும் என்று என்னிடம் சொன்னார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்தத் திகதி நான் போட்டது அம்மா என்றேன். விதானையாருக்கு அறிவித்தல் வரவில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானாகப் போட்ட திகதி, அந்தப் பக்கத்தை நிரப்பவே தேவையில்லையாம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அம்மா துருவுவதை நிறுத்தினார்.

“அப்ப அவர் செத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“இல்லை அம்மா.”

“அப்ப, இருக்கிறாரோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் எழுதிய எனக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை. தெரியாது என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான், ஐந்து வருடத்துக்குப் பிறகு, பார்த்தேன். ஆனால் அது நிலைக்கவில்லை. கையிலிருந்த தேங்காய்ப் பாதி கீழே விழுந்தது.

“உயிரோடை இருக்கிற மனிசனுக்கோ நான் பிண்டம் வைச்சனான்?”

சித்தி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அம்மா அவரைத் தள்ளிவிட்டு, மூட்டையைக் கட்டத் தொடங்கினார். நாங்கள் இரண்டு பேரும் காலைப் பிடித்துக் கெஞ்சினோம். செல் விழுகிறதே என்றார் சித்தி. வேலையே வேண்டாம், நானும் உங்களோடு வருகிறேன் என்றேன் நான். நீ போய்ப் படி, அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும் என்றார். அதட்டவில்லை, கோபமும் இல்லை. கோபப்படவும் அவருக்கு நேரமில்லை.

அடுத்த நாள் காலை மறுபடியும் தாண்டிக்குளத்தில் நின்றோம். எல்லோரும் வெளியே வருகிற பாதையில் உள்ளே போகிறவர்களுக்கு வரிசையே இருக்கவில்லை. மேசையில் இருந்தவர் தாளை எடுத்து அம்மாவின் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், போகிற காரணத்தைக் கேட்டார்.

“என்ரை மனிசன் வீட்டை வருவார்,” என்றார் அம்மா.

அவர் தலை நிமிராமல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.