எங்க டீமுக்கு மேனேஜர் கெடச்சாச்சு

காலையில வில்பட்டி பஸ்ல ஒரே சண்டை. எங்க ஊர் புட்பால் டீமுக்கு மேனேஜரா இருந்தவர் வேற வேலை கெடச்சு திருப்பூர் போயிட்டார். அடுத்து யாரு?

பேக்கரி ராபர்ட், "திண்டுக்கல்லேருந்து நல்ல கோச்சாக் கூட்டியாரணும்"னான்.

ஜீப் ஓட்டுற முருகனுக்குக் கோவம் வந்துருச்சு. "ஏலே, நம்ம மலையில மேகம் எறங்குனா பந்து எங்க கெடக்குன்னே அவருக்குத் தெரியாது. போன வாரம் பெருமாள்மலைக்காரங்கள எப்படி ஜெயிச்சோம்? பந்த எத்துற சத்தத்த வச்சே, 'எடது பக்கம் வருது, ஏறி ஆடுங்க'ன்னு கோட்டுக்கு வெளிய நின்னு கத்துனது யாரு?"

பஸ்ஸே முன் சீட்டத் திரும்பிப் பாத்துச்சு. அங்க உக்காந்திருந்தது என் மனைவி ஜெயா. காலேஜ் டீம்ல மூணு வருசம் ஆடுனவ.

"நீங்களே வாங்கக்கா"ன்னான் ராபர்ட்.

ஜெயா எங்க பக்கமாத் திரும்பி உக்காந்தா. "வாரேன். ஆனா வெள்ளனே ஆறு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுல நிக்கணும். பூண்டு காயப்போடுற சோலி கெடக்குன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

ஒரே கைதட்டல். கண்டக்டர் சந்தோசத்துல விசில் அடிக்க, டிரைவர் ஸ்டாப்புன்னு நெனச்சு பஸ்ஸ நிறுத்திட்டார்.

எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட, "என் வீட்டுக்காரம்மாதாங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னேன்.

பஸ் கெளம்புனதும் மேனேஜர் மொத முடிவச் சொன்னாங்க: "கோல்கீப்பர மாத்தணும்."

கோல்கீப்பர் நான்தாங்க.

இப்பவும் பெருமைதான். ஆனா கொடைக்கானல் குளிர்ல வெளிய உக்காந்து மேட்ச் பாத்தவங்க சொல்லுங்க, ஒரு ஸ்வெட்டர் போதுமா?